எடைமேடையில் ஒன்பது நிமிடம்

1

“...இந்நேரம் கையெழுத்தே போட்டிருப்பேன் தம்பி, நீங்க மட்டும் வாயத் தொறக்காம இருந்திருந்தா. தொறந்துட்டீங்க. இப்ப நான் என்ன செய்யட்டும்?”

தனலெட்சுமி அக்கா இதைச் சொன்னபோது பேனா அவர் கையில் இருந்தது. படிவம் மேசைமேல் இருந்தது. சன்னலுக்கு வெளியே, கொட்டும் மழையில், செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் பதினாறு வரிசையாக நின்றுகொண்டிருந்தன. மணி நாலு இருபது. ஐந்து மணிக்குள் அந்தப் படிவத்தில் அக்காவின் கையெழுத்து விழவில்லை என்றால், நானும் என் மனைவியும் மகளும் இந்த நாட்டில் இருப்பதற்கான பாஸ் அடுத்த மாதத்தோடு முடிந்துபோகும்.

நடந்தது போன வெள்ளிக்கிழமை. அக்கா அடுத்து என்ன செய்தார் என்பதை இப்போதே சொல்லிவிடலாம்தான். ஆனால் ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும் இல்லையா? கொஞ்சம் பின்னாலிருந்தே வருகிறேன்.

இந்த வாரத்தோடு நான் மலேசியாவுக்கு வந்து ஏழு வருடம். ஒவ்வொரு வருடமும் இந்தச் சமயத்தில் அறந்தாங்கியிலிருந்து யாராவது ஒரு நண்பன் போன் செய்து, “அங்க உனக்கு என்னதான்டா வேலை?” என்று கேட்பான். கம்ப்யூட்டர் என்பேன். அதுதான் தெரியுமே, கம்ப்யூட்டரில் என்ன என்பான். ஜாவா என்பேன். அதோடு பேச்சு மழையைப் பற்றிப் போய்விடும். இந்த வருடம் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பிற்பகலை வைத்துப் பதில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

அறந்தாங்கியில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவன். கல்யாணப் பத்திரிகை அடித்தேன், மின்கட்டணம் கட்டிக்கொடுத்தேன், மிச்ச நேரத்தில் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்து கிடந்த ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு ஜாவா படித்தேன். அந்தப் புத்தகத்தில் கடைசி நாற்பது பக்கம் கிடையாது. இன்றைக்கும் என் நிரலில் விளங்காத பிழை ஒன்று வந்தால், இது அந்த நாற்பது பக்கத்தில் இருந்த சங்கதியாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது ரவாங்கில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கும் சின்னக் கம்பெனியில் வேலை. வேலைக்கு நான்கு பேர். முதலாளி நாசிர் பாய். அவருடைய அப்பா காலத்தில் நம் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்து துணிக்கடை வைத்த குடும்பம். போன புதன்கிழமையிலிருந்து மூன்று நாள், கம்பெனியின் பழைய வேனில் கோலசிலாங்கூரையும் தாண்டி வடக்கே ஒரு செம்பனை எண்ணெய் மில்லுக்குப் போய்வந்தேன்; நம்மூரில் பாமாயில் என்போமே, அதுதான். அங்கே லோரி நிறுக்கும் எடைமேடைக்கு நாங்கள் எழுதிய மென்பொருளை மூன்று நாள் ஓட்டிப் பார்ப்பார்கள். சரியாக ஓடினால் எடுத்துக்கொள்வார்கள்.

லோரி குலையோடு மேடையேறும், நிறுப்பார்கள். கொட்டிவிட்டு வெறுமையாக வரும், மறுபடி நிறுப்பார்கள். கழித்தால் குலையின் எடை. மழை நாளில் குலையில் நீர் தங்கியிருக்கும் என்று நூற்றுக்கு இவ்வளவு என்று ஈரக் கழிவு பிடிப்பார்கள். மிச்சத்தைச் சீட்டில் அடித்துக் கையில் கொடுப்பார்கள். சிறுதோட்டக்காரர்களுக்கு அந்தச் சீட்டுதான் அரிசி.

அந்தச் சீட்டைக் கொடுப்பவர் தனலெட்சுமி அக்கா. ஐம்பது வயதைத் தாண்டியவர். லோரிக்காரர்கள் எல்லோருக்கும் அவர் கிராணி அக்கா. ரப்பர்த் தோட்டக் காலத்தில் கணக்கெழுதியவரைக் கிராணி என்பார்கள். தோட்டத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, பெயர் மட்டும் போகவில்லை. முதல் நாள் என்னைப் பார்த்ததும், “பசியாறிட்டீங்களா தம்பி?” என்றார். இங்கே பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடு. வந்த புதிதில் அது தெரியாமல் இந்தக் கேள்விக்கு, எனக்கு அவ்வளவு பசியில்லை என்று சொல்லி எத்தனையோ வீட்டில் காலை ரொட்டியை இழந்தவன் நான். ஏழு வருடத்தில் கற்றுக்கொண்டுவிட்டேன். “இன்னும் இல்லக்கா” என்றேன். தேங்காய்ப்பாலில் வடித்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் ஒன்று வந்தது.

அக்காவிடம் ஒரு வழக்கம் உண்டு. எடையைக் கூவுவார். சீட்டு அச்சாகி வந்ததும், அதிலிருக்கும் எண்ணைச் சன்னல் வழியாக உரக்கச் சொல்வார். தமிழருக்குத் தமிழில், மலாய்க்காரருக்கு மலாயில். லோரிக்காரர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் சீட்டு. அக்காவின் அப்பா காலத்தில் ரப்பர்ப் பால் நிறுக்குமிடத்தில் இப்படித்தானாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மத்தியில் எடைக்கு வேறு சாட்சி கிடையாது. இப்போது எல்லோருக்கும் படிக்கத் தெரியும், எதற்கக்கா இது என்று கேட்டேன்.

“சொல்ல ஒரு வாயி, கேக்க ஒரு காது. ரெண்டும் இருந்தாத்தான் அது எடை. இல்லன்னா சும்மா நம்பர்தான லா” என்றார்.

பிறர் சொல்லும் நல்ல வாசகங்களை எழுதி வைக்க என் சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டு எப்போதும் இருக்கும். அதில் எழுதிக்கொண்டேன். எழுதியதோடு சரி. அதுதான் பின்னால் வினையாயிற்று.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அக்காவின் தலைக்குப் பக்கத்தில், சுவரில், பச்சைக்கும் சிவப்புக்கும் ஒரு சுவிட்சு. பச்சை எரிந்தால் லோரி மேடையேறலாம். மழை நாளில் டயர்ச் சேறு மேடையில் அப்பிக்கொள்ளும். லோரியே இல்லாமல் மேடை எடை காட்டத் தொடங்கும். அப்போது கிராணி சிவப்பைப் போட்டு, மேடையைக் கூட்டிக் கழுவி, எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் அடுத்த லோரி. ஒரு பத்து நிமிடம் பிடிக்கும். அதற்கு அக்கா யாரையும் கேட்க வேண்டியதில்லை. மேனேஜரே வந்து நின்றாலும் ஓரமாகத்தான் நிற்க வேண்டும்.

3

புதன்கிழமை எங்கள் மென்பொருள் மூன்று முறை நின்றது.

நின்றது என்றால் கெட்டுப்போனதில்லை. சின்னத் திருத்தங்கள். லோரி எண்ணில் இடைவெளி விட்டுவிட்டால் ஏற்கவில்லை, சீட்டில் ஒரு வரி மடங்கி விழுந்தது, இப்படி. ஒவ்வொன்றுக்கும் நான் மாற்றியது ஓரிரு வரிதான். ஆனால் ஜாவாவில் எழுதிய இணையப் பயன்பாட்டில் அந்த ஒரு வரியை மட்டும் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்துவிட முடியாது. எல்லாக் கோப்புகளையும் திரும்ப இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றி, ஒரே மூட்டையாகக் கட்டி, சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மூட்டையை இறக்கி, புதியதை ஏற்றி எழுப்ப வேண்டும். எழும்போது அது துணைக்கு வைத்திருக்கும் இருநூற்றுச் சொச்சம் பொட்டலங்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும். பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து தோட்டக்காரர் பட்டியல், லோரிப் பட்டியல் என்று இழுத்துக்கொண்டிருக்கும். மில்லில் இணையம் நத்தை. சர்வர் என்று நான் பெருமையாகச் சொல்வது, மேசைக்கடியில் வைத்திருந்த என் சொந்த மடிக்கணினி. மொத்தம் ஒன்பது நிமிடம். ஒவ்வொரு முறையும்.

அதிலும் பழையது முழுதாக இறங்கிப் போவதில்லை. மேடையின் எடையை இடைவிடாமல் வாசித்துச் சொல்ல நிரலுக்குள்ளேயே ஒரு துண்டு நிரலை, ஓர் ஆள் மாதிரி, நிறுத்தியிருந்தேன். மூட்டையை இறக்கும்போது அவனை வீட்டுக்குப் போ என்று சொல்ல மறந்திருந்தேன். அவன் பழைய வீட்டு வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவன் நிற்கும்வரை பழைய வீட்டை இடிக்க முடியாது. ஐந்தாறு முறை ஏற்றி இறக்கினால் பழைய வீடுகளாலேயே நினைவகம் நிரம்பி எல்லாம் ஒன்றாகச் செத்துப்போகும். அவனைக் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை. அறந்தாங்கிக் கடையின் பெயர்ப்பலகையை நான் இன்னும் இறக்கவில்லை.

ஒன்பது நிமிடம் என்பது உங்களுக்கு ஒரு டீ. அந்த மேடையில் அது ஏழெட்டு லோரி. குலை வெயிலில் கிடந்தால் எண்ணெயின் தரம் இறங்கும். ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. இரண்டாம் முறை நின்றபோது அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, “இந்த நேரத்துக்கு நான் சோறு வடிச்சு, ரசம் தாளிச்சு, மருமகளையும் ரெண்டு வார்த்த ஏசி முடிச்சிருவேன் லா” என்றார். மூன்றாம் முறை மேனேஜர் நேரிலேயே வந்தார். கோபப்படாத மனிதர். அதுதான் பயம். மெல்லிய குரலில், மலாயில், இன்னொரு முறை உங்கள் மென்பொருளால் மேடை நின்றால் சோதனை அத்தோடு முடிந்தது, நீங்கள் வேனைத் திருப்பிக்கொண்டு போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் ரவாங் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்த ஒன்பது நிமிடத்தை அறுக்கத் தொடங்கினேன். மூட்டையே கட்ட வேண்டாம், நான் எழுதும் கோப்புறையையே திறந்தபடி வாசித்துக்கொள் என்று சர்வரிடம் சொன்னேன். பொட்டலங்களைப் பிரித்துப் பார்க்காதே என்றேன். பட்டியல்களின் நகல் ஒன்றைப் பக்கத்திலேயே வைத்தேன். வாசற்கால் ஆளுக்குப் போகும் நேரம் சொல்லிக்கொடுத்தேன். கடைசியாக, ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தாமலே, மாற்றிய கோப்பை மட்டும் அதன் வயிற்றுக்குள் செருகும் வித்தை. ஓடும் பஸ்ஸில் டயர் மாற்றுவது மாதிரி.

ஒன்பது நிமிடம் எட்டு வினாடியானது. எழுந்து நின்று ஆடிவிட்டேன்.

“எட்டு செகண்டுக்கா இவ்ளோ டான்ஸ்?” என்றாள் கயல். என் மகள். பதினொரு வயது. நான்கு வயதில் தூக்கிக்கொண்டு வந்தோம்.

ஒன்றை நான் அறியாமலில்லை. இது எழுதிப் பார்க்கும்போது செய்கிற காரியம். அடுப்படியில் கரண்டியை நக்கி ருசி பார்க்கலாம், பந்தியில் பார்க்கக்கூடாது. ஆட்கள் சீட்டு வாங்கிப் போகும் இடத்தில் இந்த வித்தையைத் தொடமாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் மில்லில் பெருமையோடு எட்டு வினாடிக் கதையைச் சொன்னபோது பாக் சமாட் கேட்டுக்கொண்டிருந்தார். சுங்கை பஞ்சாங்கிலிருந்து சின்ன லோரியில் குலை கொண்டுவரும் பெரியவர். அவருடைய முன்னோர் ஜாவாத் தீவிலிருந்து வந்தவர்கள். நான் ஜாவாவில் எழுதுகிறேன் என்று முதல் நாள் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டு, அங்கே எந்த ஊர் என்று கேட்டவர். எட்டு வினாடியை அவர் ரசிக்கவில்லை. “பியார் லம்பாட், அசால் செலாமாட்” என்றார். மெதுவாகப் போனாலும் பத்திரமாகப் போய்ச் சேர். நம்மூர்ப் பதறாத காரியம் சிதறாது. இரண்டையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன்.

4

பாஸ் விஷயம்.

இங்கே வேலை செய்யும் வெளிநாட்டுக்காரனுக்குக் கம்பெனி கடிதம் கொடுத்தால்தான் பாஸ் புதுப்பிக்க முடியும். ஒவ்வொரு தடவையும் படிவங்கள், எண் சீட்டு, காத்திருப்பு. புகைப்படத்தின் பின்புறம் நீலம் போதாது என்று ஒரு முறை திருப்பி அனுப்பினார்கள். முதல் தடவை கவுண்டரில் இருந்த பெண், என் பெயருக்கு முன்னால் இருக்கும் ‘சி’ என்றால் என்ன, விரித்து எழுது என்றாள். சிதம்பரம் என்று எழுதினேன். அது என் அப்பா. அன்றிலிருந்து இந்த நாட்டின் காகிதங்களில் நான் சிதம்பரம். கிளினிக்கில் அழைத்தாலும் வங்கியில் அழைத்தாலும் அப்பாவைத்தான் அழைக்கிறார்கள், நான் எழுந்து போகிறேன்.

அப்பா ரேஷன் கடையில் எடை போட்டவர். எடைக்காரனை யாரும் நம்புவதில்லை. சீனி வாங்கிய பெண்கள் பையைத் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுளிப்பார்கள். அப்பா பையை வாங்கி மறுபடி தட்டில் வைத்து, முள் நிற்கும்வரை காட்டுவார். வரிசை திட்டும். சின்ன வயதில் அந்த வரிசையில் நின்று நானே அவரைத் திட்டியிருக்கிறேன், மனதுக்குள்.

இந்த முறை நாசிர் பாய் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். “தம்பி, ஒங்கள அனுப்ப எனக்கு மனசு இல்ல. ஆனா கையில வேலையே இல்லாம நாலு ஆளு வச்சிருக்கேன்னு பாஸ் ஆபீஸ்ல எப்படிக் காட்டுவேன்? மில்லுக்காரன் கையெழுத்து வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள வரட்டும். திங்கக்கிழமை காலையில நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்.” மில் மேனேஜரோ, தினமும் அதில் உட்காரப்போவது கிராணி, அவர் சரி என்று கையெழுத்துப் போட்டால் எனக்கும் சரி என்று சொல்லியிருந்தார். ஆக எங்கள் மூன்று பேரின் பாஸும் அக்காவின் பேனாவில் வந்து நின்றது. இது அக்காவுக்கும் தெரியும். முதல் நாளே கேட்டு வாங்கிவிட்டார்.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது கயலிடம் மெதுவாகச் சொன்னேன், ஒருவேளை நாம் ஊருக்குப் போக வேண்டிவரலாம் என்று.

“ஊர்லதானே இருக்கோம்?” என்றாள்.

இது இல்லம்மா, அறந்தாங்கி என்றேன்.

“அது உங்க ஊர் லா ப்பா. எனக்கு நெக்ஸ்ட் வீக் செஸ் இருக்கு, ஸ்கூல் டீம்ல நான்தான் முத போர்டு” என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள். என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

5

வெள்ளிக்கிழமை காலை, வரிசை சீக்கிரம் நகர வேண்டும் என்ற பதைப்பில், நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். லோரிக்காரருக்குத் தெரியும்படி சன்னலில் ஒரு பெரிய திரையை வைத்தேன். எடை அதில் பளிச்சென்று தெரியும். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் கூவ வேண்டாமே அக்கா என்றேன். பார்ப்பது வேறு, கேட்பது வேறு என்று தயங்கினார். என் முகத்தைப் பார்த்தார். சரி, ஒரு நாள்தானே என்றார். லோரிகள் மளமளவென்று நகர்ந்தன. மத்தியானம் மேனேஜர் எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. நாலு மணிக்கு மேனேஜரின் போன். சிறுதோட்டக்காரர்கள் நெடுநாளாக முறையிட்டு வந்தார்களாம். ஈரக் கழிவு நூற்றுக்கு இரண்டு என்று இருந்ததை, இன்று முதல் ஒன்று என்று குறைத்திருக்கிறார்கள். உங்கள் மென்பொருளில் மாற்ற முடியுமா? முடியாதென்றால் அது எதற்கு?

முடியும் என்றேன்.

முறையாக, பழையபடி மூட்டை கட்டி மாற்றினால் ஒன்பது நிமிடம் மேடை நிற்கும். நின்றால் சோதனை முடிந்தது. வித்தையைத் தொட்டால் எட்டு வினாடி. என் நிரலில் அந்த ‘இரண்டு’ ஒரே ஒரு கோப்பில், ஒரே ஒரு வரியில், மாறாத எண் என்று அறிவித்து எழுதியிருந்தேன். அதை ‘ஒன்று’ ஆக்கினேன். திரைப் பக்கத்திலும் ‘ஈரக் கழிவு 1%’ என்று திருத்தினேன். ஒரு லோரி இறங்கி அடுத்த லோரி ஏறும் இடைவெளியில் உள்ளே செருகினேன். திரையில் ஒன்று என்று வந்தது. எடையும் சரியாக வந்தது. மூச்சு விட்டேன். மேடையில் சேறு ஏறிக்கொண்டிருந்ததை அக்கா பார்த்து, கழுவணுமே என்றார். கையெழுத்து முடியட்டும் அக்கா என்று கெஞ்சினேன்.

மூன்று லோரி போயிற்று. மூன்றாவது பாக் சமாட். சீட்டை வாங்கி, பார்க்காமலே நான்காய் மடித்துத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு போனார்.

நான்காவதாக வந்தவர் முனியாண்டி அண்ணன், தோட்டத்து லோரி ஓட்டுகிறவர். “கண்ணாடியெல்லாம் தண்ணி, ஒரு மண்ணும் தெரியல. கூவு கிராணி” என்று கத்தினார்.

அக்காவுக்கு அதைக் கேட்டதில் ஒரு சந்தோஷம். சீட்டைக் கையில் பிடித்து, சன்னலைத் திறந்து கூவினார். “ஆறாயிரத்து முன்னூத்தி எழுவது!”

“ஆறாயிரத்து முன்னூத்தி எழுவது” என்று அண்ணன் திருப்பிச் சொன்னார். சீட்டு கை மாறியது. லோரி இறங்கியது.

என் முன்னால் இருந்த திரையில் ஆறாயிரத்து நானூற்று முப்பத்தைந்து என்றிருந்தது.

கழிவு போகாமல் ஆறாயிரத்து ஐந்நூறு கிலோ. நூற்றுக்கு ஒன்று கழித்தால் திரையில் இருப்பது. இரண்டு கழித்தால் சீட்டில் இருப்பது. அறுபத்தைந்து கிலோ. திரைக்குப் புது எண், சீட்டுக்குப் பழைய எண்.

ஏன் என்று விளங்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை, அதுதான் வெட்கம். ஓர் எண்ணை மாறாதது என்று அறிவித்துவிட்டால், ஜாவா அதை ஒவ்வொரு முறையும் போய்க் கேட்டுக்கொண்டிருக்காது. கோப்புகளை மாற்றிக் கட்டுகிற அன்றைக்கே, அந்த எண்ணை வேண்டிய ஒவ்வொரு கோப்பின் உடம்பிலும் எழுதிவிடும். கல்யாணத் தேதியைப் பத்திரிகையில் அடித்து ஊரெல்லாம் கொடுத்த பிறகு, வீட்டுக் காலண்டரில் மட்டும் திருத்தினால் என்ன ஆகும்? திரைப் பக்கத்தை நான் தொட்டதால் அது புதிதாக எழுந்து புது எண்ணை எடுத்துக்கொண்டது. சீட்டடிக்கும் கோப்பை நான் தொடவேயில்லை. அது பழைய பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது. எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்டி ஏற்றினால் ஒரு சிக்கலும் இல்லை. அந்த ஒன்பது நிமிடம் சும்மா போவதில்லை என்று அந்த நாற்பது பக்கத்தில் எழுதியிருக்கும்.

அக்கா சன்னலை மூடிவிட்டு, முகத்தில் தெறித்த மழையைத் துடைத்துக்கொண்டார். கூவியதில் குரல் தெளிந்திருந்தது. “நல்லாத்தான் ஓடுது தம்பி. அந்தத் தாளக் குடுங்க, போட்டுருவோம். இருட்டறதுக்குள்ள நீங்க ரவாங் போய்ச் சேரணுமில்ல” என்றார்.

படிவத்தை நகர்த்தினேன். கை தானாக நகர்த்தியது. ஒப்படைப்பவர் பெயர் என்ற இடத்தில் சிதம்பரம் என்று இருந்தது.

திங்கட்கிழமை ஓசைப்படாமல் திருத்திவிடலாம். நாலு லோரிதான். அறுபத்தைந்து கிலோவை யார் தூக்கிப் பார்க்கப் போகிறார்கள்? பாக் சமாட் சீட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கயலுக்கு அடுத்த வாரம் செஸ். இவ்வளவும் ஒரே நேரத்தில் மனதில் ஓடியது. அக்கா பேனாவின் மூடியைக் கழற்றி, தேதியை எழுதினார். அடுத்த லோரி மேடையேறி நின்றது.

“அக்கா, போடாதீங்க” என்றேன்.

6

சொல்லிவிட்டேன். வித்தையை, இரண்டு எண்ணை, நாலு சீட்டை, எல்லாவற்றையும். மேடையில் நின்ற லோரிக்குச் சீட்டு அடிக்க வேண்டாம், அதற்கும் தப்பாகத்தான் வரும் என்றேன்.

அக்கா திரையைப் பார்த்தார். அச்சு இயந்திரத்தைப் பார்த்தார். நாலு பேர் யார் யார் என்று கேட்டார். மூன்றாவது பெயரைச் சொன்னதும் நிமிர்ந்தார்.

“பாக் சமாட் என் சீட்ட இருவது வருஷமா பாத்ததில்ல தம்பி. நான் கூவினா போதும் அவருக்கு. இன்னிக்கு அதும் கூவல.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சரிசெய்ய எவ்வளவு நேரம் என்றார். முழுதாக இறக்கி ஏற்ற வேண்டும், ஒன்பது நிமிடம் என்றேன். அந்த நாலு சீட்டையும் திரும்ப அடிக்க முடியுமா? முடியும். அப்போது மேடை நிற்குமே? நிற்கும். நின்றால் மேனேஜர்? சன்னலுக்கு வெளியே, மில்லின் மாடியில், மேனேஜர் அறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அங்கிருந்து பார்த்தால் மேடையும் அதன் விளக்கும் நேராகத் தெரியும். வரிசையின் வாலில் யாரோ ஹாரன் அடித்தார்கள். மணி நாலு இருபது.

அப்போதுதான் அக்கா அதைச் சொன்னார். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் கையெழுத்தே போட்டிருப்பேன் என்று. திறந்துவிட்டீர்கள், இப்போது நான் என்ன செய்யட்டும் என்று. கேள்வியாகத்தான் கேட்டார். ஆனால் என்னிடம் பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை; கேட்டுக்கொண்டே பேனாவை மூடியால் மூடினார். பாதி எழுதிய படிவத்தைக் காற்றில் பறக்காமல் தன் பிளாஸ்குக்கு அடியில் வைத்தார். மேடையில் நின்ற லோரியைப் பின்னால் போகச் சொல்லிக் கையசைத்தார். பிறகு கையை உயர்த்திச் சுவிட்சைத் தட்டிச் சிவப்பைப் போட்டார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூலையில் சாத்தியிருந்த துடைப்பத்தையும் வாளியையும் எடுத்தார். மேடை கழுவுகிறோம், பத்து நிமிடம் என்று மலாயிலும் தமிழிலும், மேனேஜரின் மாடிவரைக்கும் கேட்கும்படி கூவிக்கொண்டே, கொட்டும் மழையில் இறங்கி, ஓர் ஓரத்திலிருந்து, அவசரமே படாமல் கூட்டத் தொடங்கினார்.